நல்லூர்க் கொடி ஏறினால் முடிகிறது, மற்ற நாட்களில் ஏன் முடிவதில்லை?

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறுவதற்கு முன்பே யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் பலவற்றில் மச்சச் சட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். அடுத்த 25 நாட்களுக்கு மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை. மீன்குழம்பு இல்லாமல் ஒருநேரச் சோறு இறங்காத மனிதர் முருங்கையிலை வறையோடும் பருப்போடும் சாப்பிட்டு எழும்புகிறார். மாலையில் ஒரு போத்தலை எதிர்பார்க்கிற சிலரும் அந்த நாட்களில் அதைத் தொடுவதில்லை. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்கள் மறிக்கப்படுவதால் முழங்கால் நோகிறது என்பவர்களும் வெறுங்காலோடு நடந்தே போகிறார்கள். இதை யாரும் பெரிய சாதனையாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இதே மனிதரிடம் வைத்தியர், “சீனியைக் குறையுங்கோ, நாளுக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ” என்று சொன்னால் அது ஒரு மாதம் தாங்குவதே அரிது. தாங்காதபோது அவரும் அவரது வீட்டாரும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: மனவுறுதி போதாது.

அந்தக் காரணம் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். திருவிழாவின்போது 25 நாள் இருந்த மனவுறுதி 26ஆம் நாள் எங்கே போனது? பக்தி ஒரு பகுதி விளக்கம்தான். அந்த நாட்களில் என்னவெல்லாம் கூடவே மாறுகின்றன என்று பார்த்தால் மிச்சம் விளங்கும். தொடங்கும் நாளும் முடியும் நாளும் ஊருக்கே தெரியும். சமையலறையில் மச்சம் இருப்பதில்லை, ஆகவே ஆசை வந்தாலும் எட்டி எடுக்க எதுவும் இல்லை. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் இல்லை, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. அயலிலும் அப்படித்தான். விரதம் என்றால் யாரும் வற்புறுத்திப் பரிமாற மாட்டார்கள். மனிதர் தனியே நின்று ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டிய தருணங்களையே அந்த ஒழுங்கு பெருமளவுக்கு நீக்கிவிடுகிறது. வைத்தியரின் அறிவுரை இவற்றில் எதையும் மாற்றுவதில்லை. அதே அடுப்படி, அதே கடை, அதே கூட்டாளிகள், நடுவில் ஒரு மனிதரும் அவருடைய வைராக்கியமும் மட்டும்.

பழக்கங்களைப் பற்றிய ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. 2010இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லல்லியும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 96 பேர், நாளாந்தம் ஒரே சூழலில் ஒரு புதிய செயலைச் செய்துவந்தார்கள்: மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இராச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சிறு ஓட்டம், இப்படி. அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருந்தன, வேறு சிலருக்கு 254 நாட்கள் தேவைப்படும் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் ஊன்றுவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. இதில் நமக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. “மூன்று கிழமை செய்தால் பழகிவிடும்” என்று பலரும் சொல்லும் கணக்கை நம்பி நாலாம் கிழமை சோர்ந்துபோகிறவர்கள் உண்மையில் பாதி வழி கூட வரவில்லை. அடுத்தது, ஒருநாள் விட்டுப்போனால் “எல்லாம் கெட்டுப்போச்சு” என்று கைவிடுகிற விரத மனப்பான்மை இங்கே பொருந்தாது. விரதத்தில் ஒருநாள் தவறினால் விரதம் முறிந்தது என்பார்கள். பழக்கத்துக்கு அந்த விதி கிடையாது.

இது ஏன் இன்று யாழ்ப்பாணத்துக்கு அவசரமான பேச்சு? 2005, 2006 காலத்தில் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவேயில்லை. 2018, 2019இல் நாடு முழுவதற்குமாக நடந்த மற்றோர் ஆய்வு வளர்ந்தோரில் 23 வீதத்தினருக்கு நீரிழிவு என்று காட்டியது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் வேறு என்பதால் அப்படியே கழித்துப் பார்த்து ‘இரட்டிப்பாகிவிட்டது’ என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாலு பேரில் ஒருவருக்கு என்ற அளவை நெருங்கிவிட்ட ஒரு நோயை, நாலு பேரில் ஒருவரின் தனிப்பட்ட ஒழுக்கக் குறை என்று சொல்லவும் முடியாது. ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகம் முழுவதும் சோம்பேறியாகிவிடாது. அது உண்ணும், நடமாடும், உறங்கும் விதத்தை ஏதோ ஒன்று மாற்றியிருக்கிறது.

என்ன மாறியது என்பதைக் குடாநாட்டின் வீதிகளே காட்டும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைத் தவிர மற்றெல்லாம் சைக்கிள். பள்ளிக்கூடம், வேலை, சந்தை, கலியாணவீடு, செத்தவீடு, எல்லாவற்றுக்கும் உழக்கியே போனார்கள். நோயாளியைக் கூடச் சைக்கிளில் ஏற்றினார்கள். விறகுக் கட்டும் நெல்லு மூட்டையும் சைக்கிளிலேயே வந்தன. 2002இல் ஏ9 வீதி திறந்தபின்னும், பிறகு 2009க்குப் பின்னர் முழுதாகவும், மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2022இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது வீட்டுக் கோடியில் துருவேறிக் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. எரிபொருள் கிடைத்ததும் பெரும்பாலானவை திரும்பக் கோடிக்கே போயின. அதே கால்கள், அதே மனிதர்கள். சூழல் மாறியபோதெல்லாம் பழக்கமும் கூடவே மாறியது.

இதைச் சொல்லும்போது ஒரு நியாயமான கோபம் எழும்: பொருளாதாரத் தடையை நல்ல காலமாகக் காட்டுகிறீர்களா? இல்லை. மருந்தில்லாமல் மக்கள் இறந்த காலம் அது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழையில் இடம்பெயர்ந்தபோதும் மூட்டைகளைச் சுமந்தவை அந்தச் சைக்கிள்கள்தான். அந்தத் துயரத்தில் உடல்நலம் தேட யாருக்கும் உரிமையில்லை. அந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று: வாழ்க்கையின் அவசியங்களோடு பிணைந்திருந்த உடலசைவுக்குத் தனியான மனவுறுதி தேவைப்படவில்லை. வற்புறுத்தலால் வந்த அந்தப் பிணைப்பை இனி விருப்பத்தால், ஒழுங்கால் உண்டாக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அசைவு எவ்வளவு காக்கும் என்பதில் ஐயத்துக்கு இடம் குறைவு. 1953இல் ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தோரை ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க இருந்தபடி ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சிக்காகப் படி ஏறவில்லை, சீட்டுக் கொடுக்க ஏறினார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வருகிறது. வைத்தியர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குள் 55 வீதத்தினர் நீரிழிவாளர் ஆனார்கள். சாப்பாட்டிலும் நடையிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39.3 வீதம். மெற்போமின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். மாத்திரையையும் பழக்கமாற்றத்தையும் சேர்த்தபோது மேலதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. “எங்கட பரம்பரையிலயே இருக்கு, என்ன செய்தாலும் வரும்” என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் தெரியவில்லை: நம்மைப்போலவே சோறும் இட்டலியும் சாப்பிடுகிற, நீரிழிவு எளிதில் பற்றும் உடல்வாகு கொண்ட மக்களிடம் எட்டிய முடிவு இது. அதேவேளை, அப்படி வழிகாட்டப்பட்டவர்களிலும் 39 வீதத்தினருக்கு நோய் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. நடந்தும் நோய் வந்தவரைப் பார்த்து “ஒழுங்காய் நடந்திருக்க மாட்டார்” என்று முணுமுணுப்பது அநியாயம்.

அந்தச் சென்னை ஆய்வில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஏற்கெனவே உடலால் உழைப்பவர்களிடம் புதிதாக நடக்கச் சொல்லவில்லை, செய்வதைத் தொடரச் சொன்னார்கள். இதை யாழ்ப்பாணத்தில் சுகாதாரம் பேசுவோர் மனதில் இருத்த வேண்டும். வெங்காயத் தோட்டத்தில் காலையிலிருந்து குனிந்து களை பிடுங்கும் பெண்ணுக்கு மாலை நடைப்பயிற்சி தேவையில்லை, முதுகை நீட்டி ஓய்வெடுக்க நேரமும் ஒருமுறை பிறசர் பார்க்க வாய்ப்பும்தான் தேவை. ஆசிரியர், வங்கி ஊழியர், கடை முதலாளி, ஓட்டோச் சாரதி, ஓய்வூதியர், வெளிநாட்டுக் காசில் வீட்டோடு இருப்பவர், இவர்களுக்குத்தான் நடை குறைந்துபோனது.

வெயிலும் வீதி ஆபத்தும் நாய்த்தொல்லையும் உண்மையான தடைகள். கே.கே.எஸ். வீதியில் தனியார் பஸ்களுக்கு நடுவே வயதானவரைச் சைக்கிள் உழக்கச் சொல்ல மனம் வராது. ஆனால் குடாநாடு தட்டையான நிலம், ஊர்களுக்குள் ஒழுங்கைகள் வலைபோல ஓடுகின்றன, பெரும்பாலான வீடுகளிலிருந்து கோயிலோ கடையோ வாசிகசாலையோ பத்து நிமிட நடையில் இருக்கிறது. ‘உடற்பயிற்சி செய்யவேண்டும்’ என்ற பொதுவான தீர்மானத்தைவிட, ‘விளக்கு வைத்ததும் வைரவர் கோயிலுக்கு நடந்து போய்வருவது’ என்ற தீர்மானம் நிலைக்கும், ஏனென்றால் அதற்கு நேரமும் இடமும் காரணமும் ஏற்கெனவே இருக்கின்றன. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். சும்மா நடக்கிறாள் என்று பார்க்கிற ஊர்க் கண், கோயிலுக்குப் போகிறவளைத் துருவிப் பார்ப்பதில்லை. அந்தக் கண் மாறவேண்டும் என்பது வேறு வழக்கு. அது மாறும்வரை அவள் உடல் காத்திருக்க முடியாது.

சாப்பாட்டில் மாற்றம் மெதுவாகவும் கண்ணுக்குத் தெரியாமலும் நடந்தது. கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. ஆனால் 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை ஓடத் தொடங்கிய பின் கோதுமை மா எந்தச் சின்னக் கடையிலும் எப்போதும் கிடைக்கிற பொருளானது. யாழ்ப்பாணத்து அடுப்படி அதைத் தன் வழிக்கு வளைத்துக்கொண்டது. மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, கட்டியை உடைத்து அரித்து, வறுத்த அரிசி மாவோடு கலந்தோ தனியாகவோ புட்டுக்குக் கொத்துவார்கள். இடியப்பத்துக்கும் அதுவே. அவித்த மாவில் குழைத்த புட்டு பஞ்சுபோல மெத்தென்று வருகிறது, விலையும் குறைவு, சிவப்பரிசி இடிப்பித்து வறுத்து அரிக்கிற உழைப்பும் இல்லை. ஒரு கோப்பையை எடுத்துப் பார்த்தால் கணக்குத் தெரியும்: முக்கால்வாசி புட்டு, ஓரத்தில் ஒரு கரண்டி சம்பல், கொஞ்சம் குழம்பு, மரக்கறி இருந்தால் விரலளவு. இது இரவுச் சாப்பாடு, அதன்பின் தொலைக்காட்சி, பிறகு படுக்கை.

குரக்கனையும் ஒடியலையும் பழைய பெருமையாகப் பேசினால் மட்டும் இது திரும்பாது. குரக்கன் புட்டும் மாப்பொருள்தான். நார்ச்சத்து கூட இருப்பதால் சீனி மெதுவாக ஏறும், ஆனால் அதையும் இரண்டு நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிட்டால் பலன் போய்விடும். பனங்கட்டியும் சீனியின் உறவுதான், அதை மருந்தென்று நினைப்பது ஆபத்து. மாற்ற வேண்டியது கோப்பையின் விகிதம்: முதலில் அரைக் கோப்பைக்கு வறையோ கீரையோ மரக்கறியோ போட்டுவிட்டு, மிச்சத்தில் புட்டையும் மீனையும் வைப்பது. முருங்கையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் வளவுக்குள்ளோ சந்தையில் குறைந்த விலையிலோ கிடைக்கிற ஊர் இது. எவ்வளவு சாப்பிடுவது என்று ஒவ்வொரு நேரமும் மனம் முடிவெடுக்கத் தேவையில்லை, பரிமாறும் வரிசை முடிவெடுத்துவிடும். அதோடு, ஒடியல் கூழ் காய்ச்சுகிற நாளை நினைத்துப் பாருங்கள்: பயித்தங்காய், பலாக்கொட்டை, கீரை, மீன், நண்டு எல்லாம் ஒரே பானையில், வீடே வட்டமாக இருந்து பலாவிலையில் குடிப்பது. மாவைவிட மற்றவை கூடின, தனியாகச் சாப்பிட முடியாத சாப்பாடு அது.

தேத்தண்ணியில் போடும் சீனியைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நாளுக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குச் சொல்லும் மேல் எல்லை ஏறக்குறைய 50 கிராம், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. பிஸ்கற்றும் சோடாவும் சேருமுன்பே எல்லை நெருங்கிவிடுகிறது. வந்தவருக்குச் சீனி குறைத்துக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று வீட்டுக்காரர் அஞ்சுகிறார், வேண்டாம் என்பது மரியாதையில்லை என்று வந்தவர் அஞ்சுகிறார். இரண்டு அச்சத்தையும் தீர்க்கச் சீனியைப் புறம்பாகக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாலே போதும். அரசு செய்த வேலையும் இந்த வகையே: 2016இல் குளிர்பானங்களுக்குச் சீனியளவு காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் வந்தன, 2017 நவம்பரில் சீனிக்கேற்ற வரி வந்தது. வாங்குகிற கையின் முன்னால் ஏதாவது மாறவேண்டும் என்ற எண்ணம்தான் இரண்டிலும்.

மனநலத்துக்கு இந்த வாதம் பொருந்துமா? இங்கே மிகக் கவனமாகப் பேச வேண்டும். போர் முடிந்த சில மாதங்களில், 2009இன் நடுப்பகுதியில், யாழ். மாவட்டத்தில் சுமார் 1,400 பேரிடம் செய்த ஆய்வு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதத்தினரிடம், மனச்சோர்வு 22.2 வீதத்தினரிடம், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு 7 வீதத்தினரிடம் காணப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் போய் “மூச்சுப்பயிற்சி செய்யுங்கோ, நேரத்துக்குப் படுங்கோ” என்பது அவமதிப்பாகப் படலாம். அந்த எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. உண்மைக்கும் நீதிக்கும் காணிக்கும் தொழிலுக்கும் பதிலாக எந்தப் பழக்கத்தையும் யாரும் நீட்டக் கூடாது. கடும் மனச்சோர்வில் உள்ளவருக்கு நல்ல பழக்கம் சிகிச்சையும் ஆகாது. அவருக்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் உளநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் இருக்கிறது.

ஆனாலும் போருக்கு நடுவிலேயே இங்கே வேலை செய்தவர்கள் நாளாந்த ஒழுங்கைக் கைவிடவில்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாகச் சொல்லிவருவது, போர் தந்தது தனிமனிதரின் காயம் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட கூட்டு மனவடு என்று. அவரும் சகாக்களும் நோயாளிகளுக்குத் தளர்வுப் பயிற்சிகளைக் கற்பித்தபோது எங்கிருந்தோ வந்த முறையைத் திணிக்கவில்லை. சைவர்களுக்கு ஓம் என்ற மந்திரம், கிறிஸ்தவர்களுக்கு இயேசுவின் நாமம், இஸ்லாமியருக்குத் திக்ர், இவற்றோடு மூச்சும் ஆசனமும். அவரவர் ஏற்கெனவே செய்துவந்ததில் பயிற்சியை ஏற்றினார்கள். தமிழில் உளநல நூல்களும் பயிற்சிகளும் சாந்திகம் என்ற உளவளத்துணை நிறுவனத்தின் வழியே ஊர்களுக்குப் போயின. காயம் கூட்டாகப் பட்டதென்றால் ஆறுவதும் தனி அறையில் மட்டும் நடக்காது என்ற புரிதல் அதில் இருந்தது.

இன்றைய யாழ்ப்பாணத்தில் மனத்தை அரிக்கும் ஒன்று தனிமை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய கல்வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும். ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணியாகும்போது இங்கே காலை விடிந்திருக்கும், ஆகவே அங்கிருந்து அழைப்பு காலையில் வரும். வந்தால் வரும், வராவிட்டால் நாள் முழுக்க அந்த எதிர்பார்ப்புத்தான். கிழமையில் இன்ன நாள் இன்ன நேரம் என்று பிள்ளைகள் நிறுத்திவைப்பது மாதாமாதம் அனுப்பும் காசைவிடச் சில வேளை பெரிய மருந்தாகும். ஊரில் இருப்பவர்களுக்குச் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பத்திரிகை வாசிப்பும் கதையுமாக மாலைகளைக் கட்டிவைத்திருந்த அந்த இடங்கள் பல இப்போது பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, பெண்களும் முதியோரும் வந்திருக்கக்கூடிய நேரத்தை ஒதுக்கினால் உளநலத்துக்குத் தனியாகக் கட்டிடம் தேவைப்படாது.

நேரமில்லை, வசதியில்லை என்ற எதிர்ப்பு எஞ்சுகிறது. நாட்கூலிக்காரருக்கு அது முழு உண்மை. அதற்கும் பதில் ஒழுங்கில்தான் இருக்கிறது. 2011 முதல் நாடெங்கும் அரச வைத்தியசாலைகளில், நோய் தெரியுமுன்பே சீனி, குருதி அமுக்கம், எடை பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இலவசமாக இயங்குகின்றன. நாடு முழுவதும் இவற்றின் பெரிய குறை, ஆண்கள் குறைவாகவே வருகிறார்கள் என்பது. வேலைநாளில் வேலைநேரத்தில் திறக்கும் இடத்துக்கு மேசனும் மீனவரும் எப்படி வருவார்? அரைநாள் கூலியை விட்டு, வருத்தம் ஒன்றும் தெரியாத உடம்பைக் காட்ட யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளுக்கு அதிகாலையில் மரக்கறி கொண்டுவரும் ஆண்கள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். மீன் இறங்கும் கரைகளில் கடற்றொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன. ஞாயிறு மாலை விளையாட்டுக்கழக மைதானங்களில் இளைஞரும் நடுவயதினரும் நிற்கிறார்கள். அந்த இடங்களுக்கு, அந்த நேரத்தில், ஒரு மேசையும் ஒரு தாதியும் குருதி அமுக்கக் கருவியும் போகவேண்டும். போவதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடம் ஆளணியும் மேலதிக நேரக் கொடுப்பனவும் வேண்டும். அதைக் கேட்டு வாங்கவேண்டியவர்கள் பிரதேச சபைகளும் சங்கங்களும்.